வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாகப் பணம் வருகிறதா? வரி, மாற்று விகிதம், கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்

சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டு வேலைக்காக 15 லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். ஊரில் இருக்கும் தம்பிக்கு உடனே கவலை: இவ்வளவு பணம் வந்தால் வரி கட்ட வேண்டாமா? ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஆனால் அதே தம்பிக்குக் கூடப் படித்த நண்பர் துபாயிலிருந்து 60,000 ரூபாய் அனுப்பினால், அந்த 60,000 முழுவதும் வருமானமாகிவிடும். இந்திய வருமான வரிச் சட்டம் முதலில் கேட்பது "யார் கொடுத்தது?" என்றுதான். "எவ்வளவு?" என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பணம் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைதான் இதில் அதிகம். வந்து சேர்ந்த பிறகு சரிசெய்வது கடினம். இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவில் வசிப்பவர், அதாவது வரிக் கணக்கில் 'ரெசிடென்ட்' ஆக இருப்பவர், வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பு பெறுவதைப் பற்றியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 56-வது பிரிவில் இருந்த விதி இது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறின. 50,000 ரூபாய் விதியும் உறவினர் விலக்கும் அப்படியே தொடர்கின்றன.

முதல் படி: அனுப்புகிறவர் சட்டப்படி உறவினரா?

சட்டம் சொல்லும் 'உறவினர்' வேறு, நாம் கல்யாணப் பத்திரிகை வைக்கும் உறவினர் வேறு. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கீழே இருப்பவர்கள் எவ்வளவு கொடுத்தாலும், வாங்குகிற உங்களுக்கு வரி இல்லை:

- கணவன் அல்லது மனைவி
- உடன்பிறந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. அவர்களுடைய கணவன் அல்லது மனைவி
- கணவனின் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள்: மைத்துனர், கொழுந்தனார், நாத்தனார், கொழுந்தியாள், அவர்களுடைய துணைவர்கள். சகலையும் ஓரகத்தியும் இதில் வந்துவிடுகிறார்கள்
- அப்பா, அம்மா ஆகியோரின் உடன்பிறந்தவர்கள்: பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, அவர்களுடைய துணைவர்கள்
- உங்கள் நேர்வழி முன்னோரும் வாரிசுகளும்: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, மகன், மகள், பேரன், பேத்தி, மருமகனும் மருமகளும்
- கணவனின் அல்லது மனைவியின் நேர்வழி முன்னோரும் வாரிசுகளும்: மாமனார், மாமியார், அவர்களைப் பெற்றவர்கள்

இந்தப் பட்டியலில் இல்லாதவர்களைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். மாமா மகன், அத்தை மகள், பெரியப்பா மகன், சித்தி மகள் யாரும் இதில் இல்லை. ஒன்றாக வளர்ந்திருக்கலாம், 'அண்ணா' என்றே கூப்பிடலாம். சட்டத்துக்கு அவர்கள் வெளியாள்தான். ஒன்றுவிட்ட சித்தப்பாவும் அப்படியே. அப்பாவின் தாய்மாமாவை நாமும் 'மாமா' என்று கூப்பிடுவதுண்டு; அவர் பாட்டியின் உடன்பிறந்தவர் என்பதால் வரமாட்டார். மனைவியின் சித்தப்பா, கணவரின் தாய்மாமா, சம்பந்தி ஆகியோரும் இல்லை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா ஊரில் இருக்கும் அண்ணன் மகனுக்கு 10 லட்சம் அனுப்பினால் வரி கிடையாது, ஏனென்றால் வாங்குகிறவருக்கு அவர் அப்பாவின் உடன்பிறந்தவர். அதையே திருப்பிப் போடுங்கள். டொராண்டோவில் இருக்கும் அண்ணன் மகன், தன்னை வளர்த்த சித்தப்பாவுக்கு ஊருக்கு 10 லட்சம் அனுப்பினால், 10 லட்சமும் சித்தப்பாவின் வருமானம். பட்டியல் எப்போதும் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது; அதில் உடன்பிறந்தவரின் பிள்ளைகள் இல்லை. பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை, சித்தி என யார் வாங்கினாலும் இதே சிக்கல்தான். வெளிநாட்டு வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பிள்ளைகள் நன்றிக்கடனாக அனுப்பும் பணம் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

"பையன் தன் அப்பாவுக்கு அனுப்பட்டும், அப்பா தம்பிக்குக் கொடுக்கட்டும்" என்று யோசனை சொல்வார்கள். மகனிடமிருந்து அப்பாவுக்கு விலக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு விலக்கு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சரிதான். ஆனால் காலையில் வந்த 10 லட்சம் மாலையிலேயே அப்படியே கைமாறினால், அது வரியைத் தவிர்க்கப் போட்ட சுற்றுவழியா என்று அதிகாரி கேட்பார். அப்பா உண்மையிலேயே தன் பணமாகப் பெற்று, தன் விருப்பத்தில் தம்பிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: உறவினர் இல்லையென்றால் 50,000 ரூபாய்க் கணக்கு

உறவினர் அல்லாத எல்லோரிடமிருந்தும் ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, வந்த பணத்தைக் கூட்டுங்கள். ஆளுக்கு 50,000 என்று கணக்கில்லை. எல்லோரும் சேர்ந்து 50,000. சரியாக 50,000 வரை வரி இல்லை. 50,001 ஆனால் அந்த ஒரு ரூபாய்க்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 50,001 முழுவதும் 'மற்ற ஆதாரங்களிலிருந்து வருமானம்' என்ற தலைப்பில் சேரும்.

உங்கள் வழக்கமான வரி வீதமே இதற்கும். இதனால் எவ்வளவு பாதிப்பு வரும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். புதிய வரி முறையில், 2025–26 நிதியாண்டில், கழிவுகள் எல்லாம் போக உங்கள் வருமானம் 11.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம். நண்பர் 2 லட்சம் அனுப்புகிறார், மொத்தம் 13.5 லட்சம் ஆகிவிடுகிறது. தள்ளுபடி போய்விடும். 4 முதல் 8 லட்சம் வரை 20,000, 8 முதல் 12 வரை 40,000, மீதி ஒன்றரை லட்சத்துக்கு 15 சதவீதம் 22,500, ஆக 82,500. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 85,800 ரூபாய். 2 லட்சம் பரிசுக்கு 85,800 வரி! மார்ச் மாதத்தில் 50,000, ஏப்ரலில் 50,000 என்று இரண்டு நிதியாண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்லியிருந்தால், வேறு வெளியாள் பரிசு எதுவும் இல்லாதபட்சத்தில், ஒரு லட்சம் வரை வரியில்லாமலே வந்திருக்கும்.

மாறாக, வேறு வருமானமே இல்லாத ஒருவருக்கு நண்பர் 6 லட்சம் அனுப்பினால் தள்ளுபடியால் வரி வராது. ஆனால் அடிப்படை விலக்கான 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும்.

மூன்றாம் படி: விசேஷத்துக்கு வரும் பணமா?

கல்யாணப் பரிசுக்கு விலக்கு உண்டு, யார் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும். ஆனால் கல்யாணம் யாருக்கோ அவருக்குத்தான் அந்த விலக்கு. மணமகளின் அப்பாவுடைய நண்பர் மஸ்கட்டிலிருந்து 1 லட்சம் மொய் அனுப்புகிறார் என்றால், அது மணமகளின் கணக்குக்கு வர வேண்டும். அப்பாவின் கணக்குக்கு வந்தால் அது அப்பாவுக்கு வெளியாள் கொடுத்த 1 லட்சம். மண்டபச் செலவுக்கு வசதி என்று அப்பாவின் கணக்கு எண்ணையே எல்லோருக்கும் அனுப்பிவிடுவது வழக்கமான தவறு.

நிச்சயதார்த்தம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம் எதற்கும் இந்த விலக்கு இல்லை. அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டினாலும் சட்டம் அதைத் திருமணமாகப் பார்ப்பதில்லை. மருத்துவச் செலவுக்கென்றும் பொதுவான விலக்கு கிடையாது. கோவிட் சிகிச்சைக்கு வந்த உதவிக்கு மட்டும் தனியாக விலக்கு தந்தார்கள். உயில் வழியாகவோ வாரிசு உரிமையாகவோ வரும் பணத்துக்கு வரி இல்லை.

கல்யாணப் பரிசு என்றால் பத்திரிகை ஒன்றையும் திருமணப் பதிவுச் சான்றிதழின் நகலையும் எடுத்து வையுங்கள். பரிசு கல்யாணத் தேதியை ஒட்டி வந்திருக்க வேண்டும். எட்டு மாதம் கழித்து வந்ததைக் கல்யாணப் பரிசு என்று சொல்லி நிறுவுவது சிரமம்.

நான்காம் படி: கொடுப்பவரின் நாட்டில் என்ன?

அமீரகம், சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா நாடுகளில் பணமாகக் கொடுக்கும் அன்பளிப்புக்கென்று தனி வரி இல்லை.

அமெரிக்காவில் அன்பளிப்பு வரி கொடுப்பவருடைய பொறுப்பு. 2025-லும் 2026-லும் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 19,000 டாலர் வரை எந்தப் படிவமும் வேண்டாம். அதைத் தாண்டினால் கொடுத்தவர் 709 எண் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்வதாலேயே வரி வந்துவிடாது. தாண்டிய தொகை அவருடைய வாழ்நாள் வரம்பிலிருந்து கழியும், அந்த வரம்பு 2026-இல் 1.5 கோடி டாலர். அப்பாவுக்கு 19,000, அம்மாவுக்கு 19,000 என்று தனித்தனிக் கணக்குக்கு அனுப்பினால் படிவ வேலையே இல்லை. இன்னொன்று: 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவிலிருந்து ரொக்கம், மணி ஆர்டர், கேஷியர் செக் கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 1 சதவீத வரி வந்திருக்கிறது. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ அங்கே வழங்கிய டெபிட், கிரெடிட் கார்டிலிருந்தோ அனுப்பினால் அது இல்லை. கடையில் ரொக்கம் கட்டி அனுப்பும் பழக்கம் உள்ளவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

பிரிட்டனில் கொடுத்தவர் 7 ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டால், அந்தத் தொகை அவருடைய வாரிசு வரிக் கணக்கில் சேரக்கூடும். ஜெர்மனியில் கதை வேறு: அங்கே அன்பளிப்பு வரி உண்டு, மகன் தன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உயிரோடிருக்கும்போது கொடுப்பதில் 10 ஆண்டுகளுக்கு 20,000 யூரோ வரைதான் விலக்கு. அங்கிருந்து பெருந்தொகை வருவதாக இருந்தால் அனுப்புகிறவர் அங்குள்ள வரி ஆலோசகரிடம் கேட்ட பிறகு அனுப்பட்டும்.

ஐந்தாம் படி: அன்பளிப்புக் கடிதம்

பணமாகத் தரும் அன்பளிப்புக்குப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. வெள்ளைத் தாளில் கையெழுத்திட்ட கடிதம் போதும். அது எதற்கு என்றால், நாளைக்கு வரி அதிகாரி கேட்டால் மூன்று விஷயங்களை நிறுவும் பொறுப்பு உங்களுடையது: கொடுத்தவர் யார், அவ்வளவு கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா, கொடுத்தது உண்மையா. நிறுவ முடியாமல் போனால் அது விளக்கமில்லாத பணமாகி, வழக்கமான வீதத்தை விட்டுத் தனி உயர் வீதத்துக்குப் போய்விடும். உறவினர் விலக்கும் அப்போது கைகொடுக்காது.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"(இடம், தேதி). நான் (பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர்), பாஸ்போர்ட் எண் …, பான் எண் … (இருந்தால்), (வெளிநாட்டு முகவரி) என்ற முகவரியில் வசிக்கிறேன். என் உடன்பிறந்த தம்பியான (பெயர்), பான் எண் …, (முகவரி) என்பவருக்கு, அன்பின் பேரில், எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல், … சிங்கப்பூர் டாலரை அன்பளிப்பாக, (தேதி) அன்று (வங்கியின் பெயர்) வங்கியில் உள்ள என் கணக்கு எண் …-இலிருந்து அவருடைய (வங்கி, கிளை) கணக்கு எண் …-க்கு அனுப்பியிருக்கிறேன். பரிவர்த்தனை எண் …. இது கடன் அல்ல; திரும்பப் பெறும் உரிமை எனக்கில்லை. இப்பணம் என் சம்பளச் சேமிப்பிலிருந்து கொடுக்கப்பட்டது. (கையெழுத்து)

மேற்படி அன்பளிப்பை ஏற்றுக்கொண்டேன். (பெறுபவர் கையெழுத்து, தேதி)"

"சம்பளச் சேமிப்பிலிருந்து" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதற்கு ஆதாரமாக, பணம் கழிந்த மாதத்துக்கும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கும் உரிய அவருடைய வங்கி அறிக்கையை வாங்கி வையுங்கள். சம்பளம் வரவாகி வந்த வரிகள் அதில் தெரிய வேண்டும். அனுப்புவதற்கு முதல் நாள் யாரோ ஒருவர் அவர் கணக்கில் போட்ட பெருந்தொகைதான் அப்படியே இங்கே வந்திருக்கிறது என்றால், கேள்வி அங்கேதான் எழும். பாஸ்போர்ட் நகல், விசா அல்லது குடியிருப்பு அட்டையின் நகல், உறவை நிறுவும் ஆவணம் ஒன்று (இருவருக்கும் ஒரே பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ்) ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தால் அது அன்பளிப்பு கிடையாது, கடன். வெளிநாட்டில் வசிப்பவரிடம் கடன் வாங்க, அந்நியச் செலாவணியை ஒழுங்குபடுத்தும் ஃபெமா சட்டத்தில் தனி விதிகள் உண்டு. வாட்ஸ்அப்பில் "ரெண்டு வருஷத்துல தந்துடறேன்" என்று எழுதிவிட்டு அன்பளிப்புக் கடிதம் தயாரிக்காதீர்கள்.

ஆறாம் படி: எந்த வழியாக அனுப்புவது

தனிப்பட்ட அன்பளிப்பாக உள்ளே வரும் பணத்துக்கு இந்தியாவில் உச்சவரம்பு கிடையாது. வழிக்குத்தான் வரம்பு.

வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவை இயங்கும் பணப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 2,500 அமெரிக்க டாலர், ஒரு காலண்டர் ஆண்டில் பெறுபவர் ஒருவருக்கு 30 தடவை. ரொக்கமாகக் கையில் தருவது 50,000 ரூபாய் வரைதான். சிறு தொகைக்கும் அவசரத்துக்கும் இது நல்லது.

வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் இந்திய வங்கிகளோடு வைத்திருக்கும் ரூபாய் ஏற்பாட்டில், வளைகுடாவிலிருந்து பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, தனிநபர் பணத்துக்கு வரம்பு இல்லை. நேராகக் கணக்கில் ரூபாயாக வரவாகும். எவ்வளவு ரூபாய் வரும் என்று அனுப்பும்போதே தெரிந்துவிடும் என்பது இதன் பெரிய நன்மை.

சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வை நம் யூபிஐயோடு சேர்க்கும் இணைப்பு 2023 பிப்ரவரி 21-இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் என்ற வரம்போடு வந்தது. மாதச் செலவுக்குப் போதும், வீடு கட்டப் போதாது.

பெருந்தொகைக்கு வங்கியிலிருந்து வங்கிக்கு ஸ்விஃப்ட் வழி. இதில் கட்டணம் யார் தலையில் என்பதை அனுப்புகிறவர் படிவத்தில் தேர்ந்தெடுப்பார். எல்லாக் கட்டணமும் என்னுடையது என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், இடையில் இருக்கும் வங்கி 10, 20 டாலர் என்று எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பும். அப்போது கடிதத்தில் 10,000 டாலர், வரவில் 9,980 டாலர் என்று நிற்கும். பதற வேண்டாம், கடிதத்தில் அனுப்பிய தொகையை எழுதி, வந்த தொகை வங்கிக் கழிவுக்குப் பிறகு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

உண்டியல் வழி வேண்டவே வேண்டாம். நல்ல ரேட்டும் அன்றே கையில் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி, அங்கீகாரம் பெறாத ஆள் வழியாக இங்கே பணம் வாங்குவது ஃபெமா சட்டத்தில் நேரடித் தடை; அபராதம் அந்தத் தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம். வாங்கியவரும் சட்டத்தை மீறியவர்தான். அக்கா கொடுத்த பணம்தான் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட மிஞ்சாது.

ரொக்கத்துக்கும் ஒரு வார்த்தை. விடுமுறைக்கு வந்த அண்ணன் ஊரில் பணத்தை மாற்றி, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக உங்கள் கையில் கொடுத்தால், உறவினர் என்பதால் வருமான வரி இல்லைதான். ஆனால் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே நிகழ்ச்சிக்காக, 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது தனியாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அபராதம் வாங்கிய தொகைக்குச் சமம், கட்ட வேண்டியவர் வாங்கியவர். வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நோட்டாகவே கொண்டுவந்தால்: 5,000 டாலருக்கு மேல் நோட்டு, அல்லது நோட்டும் பயணிகள் காசோலையும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால், விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் நாணய அறிவிப்புப் படிவம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அவர் உங்களுக்குப் பரிசாகத் தரும் நோட்டுகளில் 2,000 டாலர் வரை நீங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் உள்ளதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட நாணய மாற்று நிலையத்திலோ கொடுத்து ரூபாயாக்க வேண்டும்.

ஏழாம் படி: ரேட்டில் எவ்வளவு போகிறது

'கட்டணம் பூஜ்யம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லாபத்தை ரேட்டில் எடுத்துவிடுவார்கள். கணக்குக்காகச் சந்தை ரேட் ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று கொள்வோம். வங்கி உங்களுக்குத் தருவது 88.65. 10,000 டாலரில் வித்தியாசம் 13,500 ரூபாய். கட்டணம் 500 என்றாலும் 1,000 என்றாலும் இதன் முன் ஒன்றுமில்லை. ஒப்பிட ஒரே வழி, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் "இத்தனை டாலர் கட்டினால் கையில் எத்தனை ரூபாய் வரும்?" என்று கேட்பதுதான்.

ஸ்விஃப்டில் டாலராகவே வந்தால், மாற்றுவது உங்கள் வங்கி. கிளையில் காட்டுவது கார்டு ரேட். அது பொதுவாக எல்லோருக்கும் போடும் விலை. தொகை பெரிதாக இருந்தால், பணம் வருவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் பேசி, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிலிருந்து தனி ரேட் வாங்கித் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் கார்டு ரேட்டில் தானாக மாறிவிடும். சிங்கப்பூர் டாலரை அங்கே அமெரிக்க டாலராக்கி, இங்கே அதை ரூபாயாக்கினால் இரண்டு இடத்தில் இழப்பு. இதையும் அனுப்புகிறவரிடம் சொல்லிவையுங்கள்.

மாற்றும் சேவைக்கு ஜிஎஸ்டியும் உண்டு. முழுத் தொகைக்கும் 18 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். 1 லட்சம் வரை தொகையின் 1 சதவீதம் (குறைந்தது 250 ரூபாய்), 1 முதல் 10 லட்சம் வரை 1,000 ரூபாயும் மேற்கொண்ட தொகையில் அரை சதவீதமும், 10 லட்சத்துக்கு மேல் 5,500 ரூபாயும் மேற்கொண்ட தொகையில் 0.1 சதவீதமும் சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும். அந்த மதிப்புக்குத்தான் 18 சதவீதம். 5 லட்சம் வந்தால் மதிப்பு 3,000, வரி 540 ரூபாய். 20 லட்சத்துக்கு 1,170.

எட்டாம் படி: பெயர், எண், நோக்கக் குறியீடு

பணம் வழியில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரால். பாஸ்போர்ட்டில் ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் விரிந்திருக்கும், பாஸ்புக்கில் ஒற்றை இனிஷியல் இருக்கும். அனுப்புகிறவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தோ நினைவிலிருந்தோ பெயரை எழுதினால் வங்கி நிறுத்திவிடும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். அதில் உள்ள எழுத்து, இடைவெளி, இனிஷியலின் இடம் எல்லாம் அப்படியே போகட்டும். ஸ்விஃப்ட் குறியீடு 8 அல்லது 11 எழுத்து. எல்லாக் கிளைக்கும் அது கிடையாது, எதைக் கொடுக்க வேண்டும் என்று கிளையில் கேளுங்கள். ஐஎஃப்எஸ்சி வேறு, ஸ்விஃப்ட் வேறு. முழு அடையாள ஆவணம் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு'க்கு வெளிநாட்டுப் பணம் வரவாகாது. முதலில் கேஒய்சியை முடியுங்கள்.

பணம் எதற்காக வருகிறது என்று வங்கிக்குச் சொல்லும் நோக்கக் குறியீட்டில் அன்பளிப்புக்கு பி1302. குடும்பப் பராமரிப்புக்கு பி1301. செயலியில் பட்டியலின் மேலே இருக்கிறதே என்று 'கன்சல்டன்சி', 'மென்பொருள் சேவை' என்று தேர்ந்தெடுத்துவிட்டால், வங்கிப் பதிவில் அது நீங்கள் சம்பாதித்த தொழில் வருமானம். தவறு நடந்துவிட்டால் அந்த வாரத்திலேயே கிளைக்கு எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு மேலே சொன்ன எல்லாவற்றையும் வீணாக்கிவிடும். அண்ணனின் செயலியில் அன்றைய வரம்பு முடிந்துவிட்டது. அறைத் தோழரின் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்கிறார். ஆவணப்படி உங்களுக்குப் பணம் கொடுத்தவர் அந்தத் தோழர். உறவினர் விலக்கு போய் 50,000 விதி வந்து நிற்கும். ஒருநாள் காத்திருந்து அண்ணனின் கணக்கிலிருந்தே வாங்குங்கள்.

பணம் வந்ததும், வெளிநாட்டுப் பண வரவுச் சான்றிதழை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுப்பியவர் பெயர், வெளிநாட்டுத் தொகை, ரேட், நோக்கக் குறியீடு நான்கும் அதில் இருக்கின்றனவா என்று கவுண்டரிலேயே பாருங்கள்.

ஒன்பதாம் படி: ரிட்டர்னில் எப்படிக் காட்டுவது

உறவினர் தந்தது வருமானமே இல்லை என்பதால் காட்டும் கட்டாயம் இல்லை. ஆனாலும் லட்சங்களில் வந்திருந்தால், விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் "சகோதரியிடமிருந்து அன்பளிப்பு" என்று காட்டிவிடுவதே நல்லது. அடுத்த ஆண்டு அந்தப் பணத்தில் மனை வாங்கும்போது, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் முன்பே பதிவாகியிருக்கும். வெளியாள் தந்த வரிக்குரிய தொகையை 'மற்ற ஆதாரங்கள்' பகுதியில் காட்டுங்கள். ஆண்டுக்குக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் முன்கூட்டி வரி கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத, 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு அது வேண்டாம்.

பணம் வந்த பிறகு அதன் வட்டி யாருடையது

துபாயில் இருக்கும் கணவர் மனைவிக்கு 10 லட்சம் அனுப்புகிறார். மனைவி 7 சதவீதத்தில் டெபாசிட் போடுகிறார். பரிசுக்கு வரி இல்லை. ஆனால் ஆண்டு வட்டி 70,000 கணவரின் இந்திய வருமானத்தோடு சேரும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு 12 லட்சம் வரையிலான தள்ளுபடி கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாமனாரோ மாமியாரோ மருமகளுக்குக் கொடுத்தாலும் இப்படித்தான் கொடுத்தவரிடம் திரும்பும். மைனர் பிள்ளையின் பெயரில் போட்டால், அப்பா அம்மாவில் வருமானம் அதிகமுள்ளவரோடு சேரும். மனைவி தன் டெபாசிட் வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வட்டி மட்டும் அவருடையது. மகன் பெற்றோருக்குக் கொடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வட்டி பெற்றோரின் வருமானம், அவ்வளவுதான்.

கொடுத்தவர் வெளிநாட்டுக் குடிமகனா?

இதை ஆடிட்டர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்க, கனடா, சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அப்படிப்பட்ட உறவினரிடமிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வந்தால், மூன்று மாதத்துக்குள் எஃப்சி-1 படிவத்தில் உள்துறை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 1 லட்சமாகவும் கெடு 30 நாளாகவும் இருந்தது. இந்தச் சட்டத்தில் உறவினர் என்பதற்கு கம்பெனிகள் சட்டத்தின் சிறிய பட்டியல்தான்: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள். மாமாவும் சித்தியும் அதில் இல்லை. அரசு ஊழியர், நீதிபதி, பத்திரிகையாளர், தேர்தல் வேட்பாளர், மக்கள் பிரதிநிதி ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறவே தடை உண்டு. வரிச் சட்டத்தில் விலக்குள்ள ஓசிஐ மாமாவின் பணம்கூட இவர்களுக்கு இங்கே சிக்கலாகலாம். வாங்குவதற்கு முன் கட்டாயம் ஆலோசனை பெறுங்கள்.

முகம் தெரியாத 'வெளிநாட்டு நண்பர்' டாலர் பெட்டி அனுப்பியிருப்பதாகவும், அதை விடுவிக்கச் சுங்கவரி கட்டும்படியும் டெல்லி விமான நிலையத்திலிருந்து என்று சொல்லி அழைப்பு வந்தால், இந்த வழிகாட்டியில் ஒரு படியும் அதற்குப் பொருந்தாது. அது மோசடி. ரிசர்வ் வங்கி தனிநபருக்குக் கணக்கு வைப்பதும் இல்லை, பரிசுப் பணத்தை விடுவிக்கக் கட்டணம் கேட்பதும் இல்லை. பணம் கட்டிவிட்டிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கடிதம், வரவுச் சான்றிதழ், கொடுத்தவரின் வங்கி அறிக்கை, உறவுச் சான்று, ரிட்டர்ன் நகல் ஐந்தையும் ஒரே கோப்பில் போட்டுக் குறைந்தது 8 ஆண்டு வைத்திருங்கள். அந்தப் பணத்தில் மனையோ வீடோ வாங்கியிருந்தால், மூலப் பத்திரத்தோடு சேர்த்தே வைத்துவிடுங்கள்.